ஆபீஸ்லருந்து ஆள் வாராங்க

சாவி ஆணியில் தொங்கியது.

கார்த்திகை மழை ராத்திரி முழுக்க அடித்துவிட்டு, வெயில் வரட்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலை. மழைக்காக ஸ்கூலுக்கெல்லாம் லீவு. மணி பதினொன்று இருக்கும். வாயில் பாதிக் கடலைமிட்டாயுடன் கீழ்த்தளத்து நடையில் நின்று ஏழாம் நம்பர் ஆணியையே முறைத்துக்கொண்டிருந்தேன். மென்றதை விழுங்கத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் சாவி ஆணியில் தொங்கக் கூடாது. வருகிற அன்றைக்கு ரூம் சாவியைக் கையில் கொடுப்போம். அதற்குப் பிறகு அது அவரவர் இடுப்பில், கழுத்துக் கயிற்றில், பர்ஸில். கடைக்குப் போனாலும் குளிக்கப் போனாலும் கூடவே போகும். ஒரேயடியாகக் காலி செய்கிற அன்றைக்கு மட்டும்தான் ஆணி.

கதவைத் தள்ளிப் பார்த்தேன். தரை கூட்டியிருந்தது. தட்டு, டம்ளர் எல்லாம் கழுவிக் கவிழ்த்து, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. பாய் சுருட்டி மூலையில் நின்றது. ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த சின்னப் பிள்ளை யூனிஃபார்மைக் காணோம்.

லோஜினி அக்காவும் அவர் மகள் அபிஷாவும் போய்விட்டார்கள்.

அனுப்பி வைத்தது நான். அதுவும், 'தண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க' என்று அக்கறையாக வேறு சொல்லி அனுப்பி வைத்திருந்தேன்.

என்ன வீடு இது?

போன வாரம் என் காலேஜ் அலம்பல்களைப் படித்த ஒரு வாசகர், "ஏம்மா மாரீஸ்வரி, நீ வேலை பார்க்கிற வீடு ஹாஸ்டலா, மடமா, ஜெயிலா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். மூன்றும் இல்லை சார்.

கோவில்பட்டியில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில், பழைய தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றைத் தடுத்து ரூம் ரூமாக ஆக்கியது எங்கள் வீடு. மாடியில் என்னைப் போன்ற கேஸுகள். அதாவது, காப்பகத்தில் வளர்ந்து, பதினெட்டு முடிந்ததும் 'இனி நீயே பார்த்துக்கோ' என்று வெளியே வந்த பிள்ளைகள். கீழே, முகாமில் வீடு இடிந்தோ ஒழுகியோ இருக்க இடமில்லாமல் போன அகதிக் குடும்பங்கள். முகாமில் புது வீடு தயாராகும்வரை இங்கே இருக்கலாம் என்று கலெக்டர் ஆபீஸில் அனுமதிக் கடிதம் கொடுப்பார்கள்.

ரூமும் சாவியும் கொடுப்பதோடு வேலை முடியாது. ஸ்கூல் சேர்க்க, பேங்கில் கணக்குத் தொடங்க, ஆஸ்பத்திரியில் க்யூவில் நிற்க, கூட ஒரு ஆள் வரும். அந்த ஆள் முன்பு ஜெயா அக்கா மட்டும். நான் பி.காம். முடித்த பிறகு பகல் நேரத்துக்கு நானும். மூன்று வருஷம் மாடியில் தங்கியவள் படியிறங்கி வந்து கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனம் அன்றைக்கு வாங்கிய அடிதான் இந்த வாரக் கதை.

லோஜினி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது பன்னிரண்டு நாள். அந்தக் கரையில் அரிசியும் பால்மாவும் கண்ணில் காண முடியாமல் போன காலத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு படகேறி வந்தவர். வீட்டுக்காரர் அங்கேயே நின்றுவிட்டார். வாரத்துக்கு ஒரு போன் வரும். நம் மாவட்டத்து முகாமுக்கு மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழையில் அவர்கள் இருந்த வீட்டுச் சுவர் சரிந்தது. நல்லவேளை, பகல்.

அதிகம் பேச மாட்டார். எது கேட்டாலும் "ஓம்" என்பார். முதல் இரண்டு நாள் நான் சாமி கும்பிடுகிறார் என்றே நினைத்தேன். அங்கே 'ஆமாம்' என்பதற்கு அப்படித்தானாம்.

கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, கடிதத்தில் பெயர் உள்ளவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஜெயா அக்கா போனில் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் ஆள் இல்லை என்றால் கடிதம் செல்லாது. ரூம் போச்சு. அபிஷா சேர்ந்து பத்தே நாளான ஸ்கூலும் போச்சு.

சர்ப்ரைஸ் பண்ணிய புத்திசாலி

அன்று காலை ஒன்பதரைக்கு ஜெயா அக்கா தூத்துக்குடியிலிருந்து போன் பண்ணினார்.

"ஏட்டி மாரீஸு, லோஜினி லெட்டர நீட்டிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டாங்கட்டி! முகாம்ல புது வீடு முடியித வரைக்கும் இங்கனயே இருக்கலாம். அடுப்படி வச்ச ரூம அவளுக்கே குடுத்துருவோம்."

"சூப்பர்க்கா! இப்பமே மாத்திரட்டா?"

"மாத்து. எதிர்த்த ஆபீஸ்ல ஒரு கட்டிலும் பீரோவும் தாரேன்னாவ. பதினோரு மணிக்கு ஆள் வரும். அதுக்குள்ள அவள சாமான எடுத்து வைக்கச் சொல்லு. நல்ல விதமாச் சொல்லுட்டி, லெட்டர் விசயத்தயும் சொல்லிரு."

கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. மண்டைக்குள் அப்போது வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. லோஜினி அக்கா மூட்டையோடு வருகிறார், புது ரூம் கதவைத் திறக்கிறேன், வெள்ளையடித்த சுவர், என் பழைய பூப்போட்ட சுடிதார் துப்பட்டாவில் தைத்த திரை, கட்டில், பீரோ. அக்கா வாயைப் பொத்துகிறார். நான் போனில் வீடியோ எடுக்கிறேன். பின்னணியில் ஒரு பாட்டு. ரீல்ஸ் பிச்சுக்கிட்டுப் போகும்.

ஆகவே லெட்டர் விஷயத்தைச் சொல்லவில்லை. ஏழாம் நம்பர் வாசலில் போய் நின்று, சிரிப்பை அடக்குவதற்காக முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, இவ்வளவுதான் சொன்னேன்:

"அக்கா, சாமான எல்லாம் எடுத்து வைங்க. பதினோரு மணிக்கு ஆபீஸ்லருந்து ஆள் வாராங்க."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த லோஜினி அக்காவின் கை நின்றது. "எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்தான். ஒண்ணு விடக் கூடாது."

முறத்தைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "அப்ப நாங்கள் வெளிக்கிடுறம், தங்கச்சி" என்றார்.

என் காதில் 'வெளிக்கி' மட்டும்தான் விழுந்தது. எங்கள் பக்கம் வெளிக்கி என்றால் ஒன்றே ஒன்றுதான். கக்கூஸ். அன்றைக்குக் காலையில் மோட்டார் வேலை செய்யவில்லை, குழாயில் தண்ணீர் வராது. ஆகவே நான் பொறுப்பாக, "சரிக்கா, போயிட்டு வாங்க. தண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு மனுஷி கக்கூஸுக்குப் போவதற்கு எதற்கு இப்படிக் கண் கலங்குகிறாள் என்றுகூட யோசிக்காமல், நான் மாடிக்கு ஓடிப்போய் போனைச் சார்ஜில் போட்டேன்.

காக்கிச் சட்டை

"ஏலே யாருலே உள்ள? மாரீஸு! கட்டில எங்கன எறக்க?"

ஆணி முன்னால் நின்றவளை உலுக்கியது இந்தக் குரல்தான். சுடலை அண்ணாச்சி. எதிர்த்த தீப்பெட்டி ஆபீஸின் லோடு ஆட்டோ டிரைவர். மெழுகு வாசனையும் பீடி வாசனையும் சேர்ந்த ஆள். காக்கிச் சட்டையில் மூன்று பட்டன்தான் உண்டு.

"அண்ணாச்சி, அந்த அக்காவக் காணோம்."

"எந்த அக்கா? 'ஓம்'னு சொல்லுத அக்காவா?"

"போயிட்டாங்க. பிள்ளையோட. சாவிய மாட்டிட்டு."

அண்ணாச்சி கட்டிலை வாசலிலேயே இறக்கி வைத்தார். "ஏறு வண்டியில" என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை. அந்த மாதிரி ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். தூத்துக்குடி பஸ், விளாத்திகுளம் பஸ், திருநெல்வேலி பஸ் என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு கண்டக்டர், "எந்த ஊரும்மா போணும்?" என்று கேட்டார். "ஊரு இல்ல, ஆளு வேணும்" என்றேன். பிச்சைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். டீக்கடை, பழக்கடை, கட்டணக் கழிப்பறை வாசல்வரை விசாரித்தாகிவிட்டது. இல்லை. அண்ணாச்சி போனை வாங்கி ஜெயா அக்காவுக்குப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

வண்டிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது சுடலை அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்:

"நீ என்னட்டி சொன்ன அவியகிட்ட? வார்த்த மாத்தாமச் சொல்லு."

"சாமான எல்லாம் எடுத்து வைங்க, ஆபீஸ்லருந்து ஆள் வாராங்க. அவ்வளவுதான் அண்ணாச்சி. இதுல என்ன..."

முடிக்க முடியவில்லை. இந்த வாக்கியத்தை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். என் வாயிலிருந்து அல்ல.

என் பதினெட்டாம் பிறந்தநாள்

நான் வளர்ந்த காப்பகத்தின் பெயரெல்லாம் வேண்டாம். மோசமான இடம் இல்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை முட்டை. ப்ளஸ் டூ முடிந்த கோடையில் எனக்குப் பதினெட்டு வந்தது. அன்று காலை கேசரி கொடுத்தார்கள். கேசரி காலியாவதற்குள் மேடம் வந்து, "மாரீஸ்வரி, சாமான எடுத்து வை. ஆபீஸ்லருந்து ஆள் வாராங்க" என்றார்.

வந்த ஆள் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தூரத்துச் சித்தி ஒருத்தி வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். தேடிப்போனால் அந்த விலாசத்தில் செல்போன் கடை இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் கோவில்பட்டி ரயில்வே ஸ்டேஷன் எனக்கு மாமியார் வீடு. பெண்கள் வெயிட்டிங் ரூமில் முகம் கழுவி, பளிச்சென்று தலைவாரி, யாராவது கேட்டால் 'மதுரைக்குப் போறேன்' என்பேன். ஒன்பது நாளும் மதுரைக்குப் போய்க்கொண்டே இருந்தேன். கெத்து குறையவே இல்லை. பசி மட்டும்தான்.

பத்தாம் நாள் ஸ்டேஷனில் பெருக்குகிற அக்கா ஒருத்தி, "ஒனக்கு எடம் ஒண்ணு இருக்கு. பழைய ஆபீஸுக்குப் போணும்னு ஆட்டோக்காரன்ட்ட சொல்லு" என்றாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் ஆபீஸ் என்றால் ஃபைல், ஃபேன், பியூன் எல்லாம் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ். 'எங்கம்மா ஆபீஸுக்குப் போயிருக்கா' என்று ஒரு பிள்ளை சொன்னால், அவள் அம்மா மேனேஜர் என்று நினைத்துவிடாதீர்கள். குச்சி அடுக்கப் போயிருக்கிறாள், அல்லது பெட்டி ஒட்டப் போயிருக்கிறாள். கலெக்டர் வேலை பார்க்கிற இடத்தைத்தான் 'கலெக்டர் ஆபீஸ்' என்று அடைமொழி போட்டுச் சொல்வோம். வெறும் ஆபீஸ் என்றால் மெழுகும் மருந்தும்தான்.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சரி, வேலை கிடைத்துவிட்டது என்று உள்ளே போய், ஜெயா அக்கா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "குச்சி அடுக்கணுமா, பெட்டி ஒட்டணுமாக்கா?" என்றேன். அவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சிரிக்காமல், "மொதல்ல சோத்தத் தின்னு" என்றார். தின்றேன். கையில் சாவி கொடுத்தார். பதினெட்டு வயது வரைக்கும் என் கையால் நான் ஒரு கதவைப் பூட்டியதில்லை. அன்று சாயங்காலம் மட்டும் பத்துப் பதினைந்து தடவை பூட்டித் திறந்து பார்த்தேன். பக்கத்து ரூம்காரி, "ஏட்டி, பூட்டு தேஞ்சிரும்!" என்று கத்தினாள்.

அந்த நான்தான், அதே வாக்கியத்தை, கிட்டத்தட்ட அப்படியே, லோஜினி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு நாளாக ரூமை விட்டு அதிகம் வெளியே வராத அவருக்கு எங்கள் ஊர் ஆபீஸ் எப்படித் தெரியும்?

"அண்ணாச்சி, வண்டியத் திருப்புங்க" என்றேன். "அவங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்க மாட்டாங்க. வாசல் வழியாவே போயிருக்க மாட்டாங்க. ஆபீஸ் ஆள் வாசல் வழியாத்தான வரும்?"

கரிசலில் செருப்பு

பின்கதவு திறந்துதான் கிடந்தது.

வீட்டுக்குப் பின்னால் சுவர் முடிந்ததும் காடு. காடு என்றால் மரமெல்லாம் தேடாதீர்கள். எங்கள் ஊரில் மானாவாரி நிலத்துக்கு அதுதான் பெயர். முழங்கால் உயரத்துக்கு உளுந்து நின்றது. அதைத் தாண்டினால் தண்டவாளம். பார்த்தால் பக்கம்தான், ஐந்து நிமிஷ நடை என்று தோன்றும்.

மழை பெய்த கரிசலில் எங்கள் ஊர் ஆடுகூட இறங்காது. காய்ந்தால் உள்ளே கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிற அதே மண், நனைந்தால் களி. முதல் அடியில் செருப்பைப் பிடிக்கும். இரண்டாவது அடியில் ஒரு கிலோ ஏறும். பத்தாவது அடியில் நாம் நடக்கிறோமா, நிலம் நம்மை நடத்துகிறதா என்று தெரியாது. இதெல்லாம் கடற்கரை மணலில் பிறந்து வளர்ந்த லோஜினி அக்காவுக்கு யார் சொல்வது?

கதவை ஒட்டி ஒரு பெரிய கால்தடம். பக்கத்தில் சின்னது. நாலு தப்படியில் ஒரு ரோஸ் கலர் செருப்பு, பாதி புதைந்து.

நிமிர்ந்து பார்த்தேன். உளுந்துக்கு நடுவில், தண்டவாளத்துக்குப் பாதி வழியில், தலையில் மூட்டையோடு ஒரு உருவம். இடுப்பு மட்டத்தில் இன்னொன்று.

"அக்கா! லோஜினி அக்கா! நில்லுங்க!"

திரும்பிப் பார்த்தார். நிற்கவில்லை. ஓடப் பார்த்தார். மேல் உடம்பு முன்னால் போனது, கால் வரவில்லை. மூட்டை சரிந்தது. அபிஷா வீறிட்டாள்.

ஏன் ஓடுகிறார் என்று திகைத்து, பின்னால் பார்த்தேன். சுடலை அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காக்கிச் சட்டையோடு மண்ணில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சட்டையக் கழத்துங்க!"

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"காக்கியப் பாத்துப் பயப்படுதாங்க. போலீஸுன்னு நெனைக்காங்க. கழத்துங்கன்னா கழத்துங்க!"

"நடுக்காட்டுல பட்டப்பகல்ல சட்டையக் கழத்தச் சொல்லுத ஒரே பொம்பளப் பிள்ள நீதான்ட்டி" என்று சொல்லிக்கொண்டே கழற்றினார். பனியனில் ஏழெட்டு ஓட்டை. அதைப் பார்த்து எந்த ஊர்க்காரரும் போலீஸ் என்று சொல்ல மாட்டார்கள்.

நான் என் இரண்டு செருப்பையும் மண்ணுக்குக் காணிக்கையாக்கிவிட்டு, கையும் காலுமாகப் போய்ச் சேர்ந்தேன். லோஜினி அக்கா முழங்கால்வரை புதைந்து நின்றார். அபிஷாவை அணைத்துப் பிடித்திருந்தார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, கும்பிட்டுக் கேக்கிறன். எங்களைக் கண்டனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. ரயில் எங்க போகுதோ அங்க நாங்கள் போயிடுறம்."

"எதுக்குக்கா போணும்?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், கந்தோரில இருந்து ஆக்கள் வருகினம் எண்டு. சாமானைக் கட்டச் சொன்னனீங்கள்." அபிஷாவை இன்னும் இறுக்கினார். "அபிஷாட வயசில எனக்கும் இப்பிடித்தான் ஒரு நாள் சொன்னவை. கட்டினம். அந்த வீட்டை நான் பேந்து காணவே இல்லை."

கந்தோர் என்றால் அவர்கள் ஊரில் ஆபீஸ். கவர்மென்ட் ஆபீஸ்.

"ஐயோ அக்கா, இது அந்த ஆபீஸ் இல்ல. இவருதான் ஆபீஸ் ஆளு!"

சொன்ன பிறகுதான் தெரிந்தது, எவ்வளவு பெரிய அறிவாளி நான் என்று. அக்கா முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் போய்விட்டது. அண்ணாச்சி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் சுருட்டி வைத்திருந்த சட்டையின் பையைத் துழாவி, ஒரு தீப்பெட்டியை எடுத்து அபிஷா கையில் கொடுத்தார்.

"தாயி, இதான் நம்ம ஆபீஸ். நான் இத ஏத்தி எறக்குதவன். ஒங்களுக்குக் கட்டிலும் பீரோவும் கொண்டாந்தேன். வாசல்ல கெடக்கு. மழை வந்துச்சுன்னா கட்டில் ஊறிப்போவும், கெதியா வாங்க."

சீக்கிரம் என்பதற்கு அவர்கள் ஊரில் சொல்கிற 'கெதியா' அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லில் லோஜினி அக்கா தோள் இறங்கியது.

"நெருப்புப்பெட்டியோ?" என்றார். "நெருப்புப்பெட்டி செய்யிற இடத்தையோ நீங்கள் ஆபீஸ் எண்டுறனீங்கள்?"

"ஆமாக்கா. லெட்டரும் நீட்டியாச்சு. முகாம்ல புது வீடு முடியித வரைக்கும் நீங்க இங்கனதான். அடுப்படி வச்ச ரூம் ஒங்களுக்கு. அதுக்குத்தான் சாமான எடுத்து வைக்கச் சொன்னேன். சர்ப்ரைஸாச் சொல்லலாம்னு..." வீடியோ விஷயத்தை விழுங்கிக்கொண்டேன். "என்னைய ரெண்டு அறை அறைங்கக்கா. ஆனா போறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னனான்தானே, வெளிக்கிடுறம் எண்டு?"

"அதான் சரி, போயிட்டு வாங்கன்னேன். வெளிக்கி போறதுக்கு நான் ஏன் தடுக்கப் போறேன்?"

லோஜினி அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கீழேயிருந்து அபிஷா, பத்தே நாளில் எங்கள் ஊர் ஸ்கூலில் முக்கியமான சொற்களையெல்லாம் படித்துவிட்டவள், தீப்பெட்டியைக் கிலுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா! வெளிக்கி எண்டா இஞ்ச கக்கூசு! புறப்படுறது இல்லை!"

சுடலை அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். அப்புறம் நான். லோஜினி அக்கா மூட்டையின் பக்கத்தில் செருகியிருந்த இரண்டு லிட்டர் போத்தலை உருவி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அப்ப இது?"

"எது?"

"தண்ணி எடுத்துக்கொண்டு போகச் சொன்னனீங்கள்தானே! இந்தப் பிள்ளை போகச் சொன்னாலும் பயணத்துக்குத் தண்ணி கொண்டுபோகச் சொல்லுதே, நல்ல மனம் எண்டு, அழுது அழுது நிரப்பினனான்!"

அதற்குப் பிறகு மூன்று பேரும் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டோம். எழ முடியவில்லை. பாதி சிரிப்பு, பாதி கரிசல். தண்டவாளத்தில் ஏதோ ஒரு ரயில் திருநெல்வேலி பக்கம் போனது. அபிஷா அதற்குக் கை காட்டினாள். லோஜினி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு. அந்த நேரத்தில் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். போன் மாடியில் சார்ஜில் கிடந்தது. நல்லதுதான்.

மருந்து ரூம்

அடுப்படி ரூமுக்குப் பழைய பெயர் மருந்து ரூம். குச்சி முனையில் தோய்க்கிற மருந்தை அங்கேதான் கலக்குவார்களாம். அதனால் சுவர் தடிமன், ஜன்னல் உயரம், கோடையிலும் குளிர்ச்சி. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் ஒரு மூலையில் மட்டும் லேசாகச் சிவப்பு எட்டிப் பார்க்கும். லோஜினி அக்கா அந்த மூலையில் சாமி படத்தை வைத்தார். குங்குமம் வைக்கிற வேலை மிச்சம் என்றார். அவர் எங்களிடம் அடித்த முதல் ஜோக் அது.

கட்டில் வாசலில் அரைமணி நேரம் தூறலில் நனைந்திருந்தது. அண்ணாச்சி அதைத் துடைத்துக்கொண்டே, "கெதியான்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்று முறைத்தார். பீரோவில் ஒரு கதவு திறக்காது. இன்னொன்று மூடாது. அபிஷா இரண்டுக்கும் நடுவில் தன் தீப்பெட்டியைப் பத்திரப்படுத்தினாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜெயா அக்கா வந்து இறங்கினார். நடையெல்லாம் கரிசல் கால்தடம். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"என்னட்டி இது, சேத்துல பொரண்ட எரும மாதிரி நிக்குத?"

எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ விஷயத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், கைப்பையை நாற்காலியில் வைத்தார். பிறகு, "ஒனக்குத் தெரியும்லட்டி அந்த வார்த்த எப்படி இருக்கும்னு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மணி ஆறு. ஜெயா அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். லோஜினி. இருக்காங்க. அபிஷா. அவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே கட்டிலில் குதிக்கிற சத்தம் கேட்டது. "நல்லாவே இருக்கா" என்றார். எனக்கு அன்று காலையிலிருந்து தொண்டையில் நின்ற கடலைமிட்டாய் அப்போதுதான் உள்ளே இறங்கியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'சாமான எடுத்து வைங்க' என்று யாரும் சொல்வதில்லை. சட்டம் போட்டதும் நான்தான். ரூம் மாற்றினால், முதலில் புது ரூமைக் காட்டுவோம். சாவியைக் கையில் கொடுப்போம். அப்புறம்தான் மூட்டையைப் பற்றிய பேச்சு.

மறுநாள் மழை விட்டிருந்தது. எட்டரை மணிக்கு நடையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். லோஜினி அக்கா துவைத்த சேலையும் துடைத்த செருப்புமாக வந்து நின்றார். பக்கத்தில் யூனிஃபார்மில் அபிஷா, ஒரு கால் செருப்பில் மட்டும் இன்னும் கறுப்பு.

"மாரீசு, நாங்கள் வெளிக்கிடுறம்" என்றார். சத்தமாக. வேண்டுமென்றே.

மாடியில் நாலு பேர் சிரித்தார்கள். கதை அதற்குள் ஏறிவிட்டிருந்தது.

"எங்கக்கா?"

"பள்ளிக்கூடம். பிள்ளையை விட்டிட்டு வாறன்."

"தண்ணி எடுத்துக்கிட்டீங்களா?"

அபிஷா பையிலிருந்து போத்தலை எடுத்துக் காட்டினாள். அக்கா இடுப்பைத் தட்டினார். உள்ளே சாவி கிணுகிணுத்தது.

அவர்கள் வாசல் வழியாகத்தான் போனார்கள். நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். ஆணி காலியாக இருந்தது.